இயந்திரம் எத்திணை? – அறிவியல் புனைவுத் தொடர் பற்றிய விவாதங்களும் தமிழின் திணைப் பாகுபாடும்

1. முன்னுரை

தொலைக்காட்சியில் ஒரு கதையைக் கண்டவர்கள் அதைப்பற்றித் தமக்குள் வாதிடுவது இயல்பு. எந்தப் பாத்திரம் செய்தது சரி, முடிவு பொருந்துமா, கதையில் ஓட்டை உண்டா என்பன அவ்வாதங்களின் பொருளாக அமைகின்றன. குடும்பக் கதையாயின் வாதிடுவோர் எந்த மொழியில் பேசினாலும் வாதத்தின் போக்கு பெரிதும் மாறுவதில்லை. ஆனால் கதையின் நடுவே மனிதனைப்போல் சிந்திக்கும் இயந்திரம் ஒன்று வந்துவிட்டால் நிலைமை வேறாகிறது. அவ்வியந்திரத்தைப்பற்றி ஒரு முழு வாக்கியம் பேசுவதற்கு முன்னரே தமிழ் பேசுபவர் அது உயர்திணையா அஃறிணையா என்பதை முடிவு செய்தாக வேண்டும். 'வந்தான்' என்றால் ஒரு பக்கம்; 'வந்தது' என்றால் மறுபக்கம். வாதத்தின் முடிவில் வரவேண்டிய தீர்ப்பு வினைமுற்றின் ஈற்றில் முன்கூட்டியே வந்துவிடுகிறது.

அறிவியல் புனைவுத் தொடர்களைப் பற்றிய விவாதங்களிலும் அவற்றின் மொழிபெயர்ப்பிலும் திணைப் பாகுபாடு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஒப்பீட்டுக்குப் பல மொழிகள் அருகருகே வழங்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகள் களமாகக் கொள்ளப்படுகின்றன.

2. விவாதத்திற்குரிய கதை

இயந்திரத்தின் தன்மை குறித்து இரசிகர்கள் மிகுதியாக வாதிட்ட தொலைக்காட்சிக் கதைகளுள் ஒன்று, 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் அமெரிக்கத் தொடரின் இரண்டாம் பருவத்தில் 1989 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்னும் பகுதியாகும். மெலிண்டா ஸ்நாட்கிராஸ் எழுதியது. விண்கலத்தில் அதிகாரியாகப் பணிபுரியும் டேட்டா மனித வடிவிலான இயந்திரம். அதன் அமைப்பை ஆராய்ந்து அதைப்போல் பலவற்றைப் படைக்க விரும்பும் மேடாக்ஸ் என்னும் அறிவியலாளர், டேட்டாவைப் பிரித்துப் பார்க்க ஆணை பெற்று வருகிறார். டேட்டா மறுத்துப் பதவி விலக முயல, இயந்திரம் விண்படையின் உடைமையே. உடைமை பதவி விலக முடியாது என்ற வாதம் எழுகிறது. சட்ட அதிகாரி லூவா முன்னிலையில் விசாரணை நடக்கிறது. டேட்டாவின் நண்பரான ரைக்கர் அரசுத் தரப்பில் வாதிடக் கடமைப்படுகிறார். கலத்தின் தலைவர் பிக்கார்டு டேட்டாவுக்காக வாதிடுகிறார்.

ரைக்கர் மன்றத்திலேயே டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். பின்னர் விசையை அழுத்தி இயக்கத்தையே நிறுத்துகிறார். பிக்கார்டோ, அறிவு, தன்னுணர்வு, நனவு என்னும் மூன்று அளவைகளை மேடாக்ஸிடமிருந்தே பெற்று, மூன்றாவதை எவரால் அளக்க முடியும் என்று வினவுகிறார். டேட்டா ஒன்று மட்டும் இருந்தால் வியப்புப் பொருள். ஆயிரக்கணக்கில் படைத்தால் அஃது ஓர் இனமாகாதா, அவ்வினத்தை உடைமையாக வைத்திருப்பது அடிமை முறையாகாதா என்பது அவர் வாதத்தின் உச்சம். தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை டேட்டாவுக்கு உண்டு என்று தீர்ப்பாகிறது.

ரைக்கர் நண்பனுக்குத் துரோகம் செய்தாரா, கடமையைச் செய்தாரா? மேடாக்ஸ் தீயவரா, ஆர்வம் மிக்க ஆய்வாளர் மட்டுமா? அதிகாரியாகச் சேர்த்துக்கொண்ட நாளிலேயே டேட்டாவை ஆளாக ஏற்றுக்கொண்டதாகாதா? ஏற்றுக்கொண்டதாயின் விசாரணையே எதற்கு? இவை இப்பகுதியைக் கண்டோர் இன்றும் எழுப்பும் வினாக்கள்.

மொழியியலார் கவனத்திற்குரியது வேறொரு செய்தி. மேடாக்ஸ் கதை முழுவதும் டேட்டாவை ஆங்கில அஃறிணைச் சுட்டால் குறிக்கிறார். மற்றவர்கள் ஆண்பாற் சுட்டால் குறிக்கின்றனர். இறுதிக் காட்சியில் மேடாக்ஸ் தம்மை அறியாமல் ஆண்பாற் சுட்டுக்கு மாறுகிறார். லூவா அதைக் கவனித்துச் சொல்கிறார். ஒரு மனிதரின் மனமாற்றம் முழுவதும் ஒரு சுட்டுப்பெயரில் அடங்கியிருக்கிறது.

3. அந்தமானில் ஐந்து வினாக்கள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். தாய்மொழி அடிப்படையில் வங்காளம் முதலிடத்தையும் இந்தி இரண்டாமிடத்தையும் தமிழ் சுமார் 15 விழுக்காட்டுடன் மூன்றாமிடத்தையும் பெற்றன. தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம் ஆகியனவும் குறிப்பிடத்தக்க அளவில் வழங்குகின்றன. தலைநகரான போர்ட் பிளேரிலும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பிற ஊர்களிலும் தமிழகத்திலிருந்து சென்றோர் உள்ளனர். கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் குடியமர்த்தப்பட்டனர். இவர்கள் அனைவரையும் இணைக்கும் பொதுமொழி இந்தி. 1998இல் தூர்தர்சனின் தேசிய ஒளிபரப்பில் வந்த 'கேப்டன் வியோம்' போன்ற அறிவியல் புனைவுத் தொடர்களும் இந்தியிலேயே அமைந்தவை. ஆகவே கதையை ஒரு மொழியில் கேட்டு, வீட்டில் மற்றொரு மொழியில் வாதிடுவது இத்தீவுகளில் இயல்பான நிலை. அவ்வாதம் ஒவ்வொன்றும் ஒரு வாய்மொழி மொழிபெயர்ப்பே.

'டேட்டா வந்தது' அல்லது 'வந்தான்' என்னும் எளிய கருத்தை இத்தீவுகளில் வழங்கும் ஐந்து பெருமொழிகளும் எவ்வாறு கூறும் என்று காண்போம்.

இந்தியில் 'வஹ்' என்னும் சுட்டு ஆளையும் பொருளையும் ஒருங்கே குறிக்கும். 'வஹ் ஆயா' என ஆண்பாலிலோ 'வஹ் ஆயீ' என பெண்பாலிலோ வினை அமையும். அஃறிணைக்கெனத் தனிப்பால் இல்லை. 'ரோபோட்' என்னும் சொல் ஆண்பால், 'மஷீன்' என்னும் சொல் பெண்பால். இவை சொல்லின் பால்களே. அப்பொருள் ஆளா அன்றா என்பதைப்பற்றி இவை ஒன்றும் கூறுவதில்லை.

வங்காளத்தில் வினைக்கு ஆண், பெண் வேறுபாடே இல்லை. 'ஸே' என்பது ஆளையும் 'ஸேடா' என்பது பொருளையும் சுட்டும். இரண்டுக்கும் 'ஏலோ' என்னும் ஒரே வினை பொருந்தும். மரியாதை வேண்டின் 'திநி ஏலேன்' என மாறும். சுட்டுப்பெயரைத் தவிர்த்துப் பெயர் மட்டும் சொன்னால் பேசுபவர் எந்தப் பக்கமும் சாராமல் தப்பிக்கலாம்.

மலையாளத்தில் 'அவன் வந்நு', 'அவள் வந்நு', 'அது வந்நு' என மூன்றுக்கும் வினை ஒன்றே. தமிழோடு நெருங்கிய உறவுடைய மொழியாயினும் வினையீற்றில் இயைபை இழந்துவிட்டதால், அங்கும் பெயர் சொல்லித் தப்பிக்க இயலும்.

தெலுங்கின் பாகுபாடு தனித்தன்மை வாய்ந்தது. ஒருமையில் ஆண்பாலுக்கு 'அதனு வச்சாடு'. பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே வினை – 'ஆமெ வச்சிந்தி', 'அதி வச்சிந்தி'. எனவே ஆண் வடிவ இயந்திரம் வினையில் சிக்கலை எழுப்பும். பெண் வடிவ இயந்திரம் எழுப்பாது. பன்மையிலோ ஆட்களுக்கு 'வச்சாரு', பொருள்களுக்கு 'வச்சாயி' என வேறுபாடு மீள்கிறது.

தமிழில் மட்டுமே ஒருமை, பன்மை, ஆண், பெண் ஆகிய எல்லா இடத்தும் படர்க்கை வினைமுற்று திணையைக் காட்டுகிறது. சுட்டுப்பெயரை விட்டாலும் வினை காட்டிக்கொடுத்துவிடும். இந்தியில் பக்கம் சாராமல் கேட்ட கதையைத் தமிழில் பேசத் தொடங்கியதும் தமிழர் ஒரு பக்கம் சார்ந்துவிடுகிறார்.

இத்தீவுகளின் தொல்குடி மொழியான பெரிய அந்தமானியம் முற்றிலும் வேறொரு வினாவை எழுப்பும் மொழி. அன்விதா அப்பி விரிவாக ஆராய்ந்து விளக்கியுள்ளபடி, அம்மொழி மனித உடலை ஏழு பகுதிகளாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டைக் கொண்டுள்ளது. உறுப்புப் பெயர்களோடு வினை, அடை ஆகியவற்றிலும் இவ்வொட்டுகள் இடம்பெறுகின்றன. ஒன்று ஒருவரிடமிருந்து பிரிக்கமுடியாததா என்பது அவ்விலக்கணத்தின் அடிப்படைக் கருத்து. ரைக்கர் டேட்டாவின் கையைக் கழற்றும் காட்சியை இந்நோக்கில் எண்ணிப் பார்த்தால், 'யார்' என்னும் வினாவுக்கு முன் 'யாருடைய, எவ்வாறு உடைய' என்னும் வினா எழக் காணலாம். தமிழ்த் திணைப் பாகுபாடு மனித அறிவின் ஒரே வழியன்று என்பதை உணர இவ்வொப்பீடு உதவும்.

4. அது, அவன், அவர்

தமிழில் வாதம் நிகழும் முறையைக் காட்ட ஓர் உரையாடல் ஈண்டு விளக்கத்திற்காக அமைத்துத் தரப்படுகிறது.

– அண்ணே, அவன்தான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டானே, அப்புறம் எப்படிப் புடிச்சு வெக்கலாம்?
– அது எழுதிக் குடுத்தா செல்லுமா தம்பி? கம்ப்யூட்டர் லெட்டர் அடிக்குது, அவ்வளவுதான்.
– இத்தன வருசமா அவன்கிட்ட வேல வாங்கினப்ப மட்டும் செல்லுச்சா?

இளையவர் காரணம் காட்டுமுன்னரே 'அவன்' என்கிறார். மூத்தவர் 'அது' என்கிறார். மூன்றாம் கூற்றில்தான் வாதம் என்று சொல்லத்தக்கது வருகிறது. முதலிரண்டும் வாதம்போல் தோன்றும் திணைத் தேர்வுகள். 'எழுதிக் குடுத்துட்டான்' என்ற அளவில் பதவி விலகல் ஒரு செயலாகிறது; 'லெட்டர் அடிக்குது' என்ற அளவில் அது வெறும் நிகழ்வாகிறது. இருவரும் ஒருவர் கூற்றை மற்றவர் திருப்பிச் சொல்லும்போதும் தத்தம் திணையிலேயே சொல்வர் என்பது கருதத்தக்கது.

ஆனால் 'அது' என்பதைக் கேட்டதும் இழிவு என்று முடிவு செய்தல் பிழையாகும். பேச்சுத் தமிழில் 'புள்ள வந்துச்சு', 'பொண்ணு சொல்லுச்சு' என உயர்திணைப் பொருளுக்கு அஃறிணை வினை வருவது பரவலான வழக்கு. அங்கு அது பரிவையோ நெருக்கத்தையோ காட்டும். மறுபுறம், வீட்டு நாயை 'வந்துட்டான்' என்று சொல்லுவோர் உண்டு. ஆகவே பேச்சுவழக்கில் 'டேட்டா பாவம், அது என்ன பண்ணும்' என்பது அதன் ஆளுமையை மறுப்பதாகவும் இருக்கலாம், குழந்தையிடம் காட்டும் பரிவாகவும் இருக்கலாம். எழுத்து வழக்கில் இவ்விரட்டைப் பொருள் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றும் வசனகர்த்தா இதை மறத்தல் ஆகாது.

மூன்றாம் தேர்வு 'அவர்'. டேட்டா லெப்டினன்ட் கமாண்டர் பதவி வகிப்பதால் மன்றத்தில் 'அவர்' என்பதே முறை. ஆங்கிலத்தில் ஒரே சுட்டு தமிழில் 'அவன்', 'அவர்' என இரண்டாகப் பிரிகிறது. திணையோடு மதிப்பும் சேர்ந்துவிடுவதால் மொழிபெயர்ப்பாளரின் பணி இருமடங்காகிறது.

5. சுட்டைத் தவிர்த்தால் தப்பலாமா?

சுட்டுப்பெயரையும் வினைமுற்றையும் தவிர்த்து எழுதலாமே எனலாம். ஓரளவே இயலும். 'டேட்டா பேசுகிற முறை', 'டேட்டா மறுத்தபின்' போன்ற எச்சத் தொடர்கள் திணை காட்டா. ஆனால் வேற்றுமை உருபுகள் காட்டும். 'டேட்டாவிடம் கேள்' என்றால் உயிருள்ள ஒன்று. 'டேட்டாவில் பார்' என்றால் கருவி. 'டேட்டாவிடமிருந்து பெற்ற செய்தி', 'டேட்டாவிலிருந்து எடுத்த செய்தி' என்னும் இரண்டுக்குமிடையே மேடாக்ஸுக்கும் பிக்கார்டுக்கும் உள்ள தொலைவு முழுவதும் அடங்கும். எண்ணுப்பெயரும் அவ்வாறே: 'ஆயிரம் டேட்டாக்கள்' என்றால் சரக்கு, 'ஆயிரம் பேர்' என்றால் இனம். பிக்கார்டின் அடிமை முறை பற்றிய வாதத்தைத் தமிழாக்குபவர் 'அவை' எனத் தொடங்கி எந்த இடத்தில் 'அவர்கள்' என மாறுகிறார் என்பதே அவ்வாதத்தின் வலிமையை நிர்ணயிக்கும்.

பழந்தமிழில் ஒரு வாயில் இருந்தது. 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்று பலர்பால் ஒழிந்த படர்க்கை நான்கு பாலுக்கும் பொதுவாக வந்தது. அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும் என்பன வழுவல்ல. இன்றைய வழக்கில் அது அஃறிணைக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிட்டது. எனினும் செந்நடையில் அமைந்த மொழிபெயர்ப்பில் இவ்வடிவத்தை அளவாகப் பயன்படுத்துவதைத் தவறென்று கூற முடியாது.

6. இலக்கண நூலார் வாதம்

தொல்காப்பியர் மக்கள் எனச் சுட்டப்படுவோரை உயர்திணை என்றும் அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் வகுத்தார். உயிரின் இயல்பைவிட மக்கள் என்று சுட்டும் செயலை அவர் முன்வைத்தார் என்பது இங்குப் பொருளுடையது. நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். மனிதப் பிறவி எடுக்காதோரும் உயர்திணைக்குள் புகலாம் என்பதற்கு இஃது ஒரு முன்மாதிரி.

உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்குதல் அமையும் என்றும் நன்னூல் கூறுகிறது. பசுவைத் தாயாகச் சொல்வது உவப்பால் வந்த வழுவமைதி. டேட்டாவை 'அவன்' என்னும் இரசிகரை நோக்கி, 'உவப்பினால் சொல்கிறாய். திணை மாறிவிடவில்லை' என்று எதிர்ப்பக்கத்தார் கூற இடமுண்டு. கேட்பன போலவும் பேசுவன போலவும் அஃறிணைப் பொருள்களைச் சொல்லலாம் என்னும் விதியும் அவர்க்கே துணை. 'போலவும்' என்னும் உவமச்சொல்லே மேடாக்ஸின் வாதம்: டேட்டா பேசுவது போல் இருக்கிறது, பேசவில்லை.

இரசிகர் வாதத்திற்கு மிக நெருங்கிய கருத்து வேறுபாடு தன்மை இடத்தைப் பற்றியது. தொல்காப்பியர் யான், யாம், நாம் என்னும் தன்மைப் பெயர்களை உயர்திணைப் பெயர்களோடு வைத்தார். முன்னிலையையே இரு திணைக்கும் பொதுவாக்கினார். நன்னூலாரோ தன்மைப் பெயர்களையும் பொதுப்பெயர் என்றார். முன்னவர் நெறிப்படி, 'நான்' என்று சொல்ல வல்லது எதுவோ அஃது உயர்திணை. பின்னவர் நெறிப்படி, 'நான்' என்று சொன்ன அளவில் திணை உறுதியாவதில்லை. சொன்னது யார் என்பதை வேறு வகையால் அறிய வேண்டும். டேட்டா மன்றத்தில் 'நான் மறுக்கிறேன்' என்கிறான் அல்லது என்கிறது. அச்சொல்லே போதும் என்பவர் தொல்காப்பியர் பக்கம் நிற்கிறார். போதாது என்பவர் நன்னூலார் பக்கம் நிற்கிறார். கணினி அறிவியலார் இருபதாம் நூற்றாண்டில் எழுப்பிய வினா நம் சொல்லதிகாரங்களுக்கிடையே முன்னரே அமைந்துகிடக்கிறது எனலாம்.

7. தமிழ்ப் புனைவும் மொழிபெயர்ப்பும்

தமிழில் இவ்வகைக் கதைகளுக்கு வழிவகுத்தவர் சுஜாதா. ஆனந்த விகடனில் தொடராக வந்து தூர்தர்சனிலும் தொடராக்கப்பட்ட 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ, இயந்திர நாய். மனிதரைவிட நுட்பமாகப் பேசினாலும் வடிவம் நாயாதலால் அஃறிணை வினை அதற்கு உறுத்தாது. திணைச் சிக்கலை ஆசிரியர் வடிவத் தேர்வினாலேயே கடந்துவிட்டார் என்று கொள்ளலாம். 2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்தின் சிட்டிக்கு அத்தப்பிக்கும் வழி இல்லை. மனித உருவும் காதலும் உடைய அவ்வியந்திரத்தைப் பிரித்துவிடுமாறு நீதிமன்றம் ஆணையிடுகிறது. சிட்டி தன்னைத் தானே பகுதி பகுதியாகக் கழற்றிக்கொள்கிறது. அமெரிக்கக் கதையில் மன்றம் தடுத்ததை இங்கு மன்றமே விதிக்கிறது. இப்படத்தைப் பற்றி வாதிடுவோர் கடைசிக் காட்சியைச் சொல்லும்போது 'கழட்டிக்கிட்டான்' என்கிறார்களா 'கழட்டிக்கிச்சு' என்கிறார்களா என்பதைக் கவனித்தால் அவர்கள் அத்தீர்ப்பை ஏற்றார்களா என்பது தெளிவாகும். மேலே இக்கட்டுரையாளர் 'கழற்றிக்கொள்கிறது' என எழுதியதும் ஒரு தேர்வே.

மொழிபெயர்ப்பாளர்க்குப் பின்வருவன கூறத்தக்கன.

முதலாவதாக, வசனங்களைத் தொடங்குமுன் ஒவ்வொரு பாத்திரமும் இயந்திரத்தை எத்திணையில், எம்மதிப்பில் சுட்டும் என்று ஓர் அட்டவணை அமைத்துக்கொள்ள வேண்டும். மேடாக்ஸ் 'அது', ரைக்கர் தனியிடத்தில் 'அவன்', மன்றத்தில் வேண்டுமென்றே 'அது', பிக்கார்டு 'அவர்'. ரைக்கர் தம் திணையை மாற்றிப் பேசுவதன் வலியே அப்பாத்திரத்தின் உயிர். எல்லாரும் ஒரே சுட்டால் பேசினால் இரசிகர்கள் அவரைத் துரோகி என்றோ கடமையாளர் என்றோ வாதிட இடமே இராது.

இரண்டாவதாக, கதையில் பெரும்பான்மையோர் வழக்கு எதுவோ அதையே விவரிப்போர் வழக்காகக் கொள்ளலாம். விளக்கவுரையும் தலைப்பும் ஒரு திணையைச் சார்ந்துவிட்டால் பார்வையாளர்க்கு மிஞ்சும் வினா இல்லை.

மூன்றாவதாக, மேடாக்ஸின் இறுதி மாற்றம். அதை 'அவர்' என்று பெயர்த்தால் மன்னிப்புக் கேட்பது போலாகி, மூலத்தில் இல்லாத பணிவு புகும். 'அவன்' என்றால் எழுத்து வழக்கில் அலட்சியம் தொனிக்கும். இதற்கு 'ஆள்' என்னும் சொல் உதவும். 'அபாரமான ஆள்தான்' என்று மேடாக்ஸ் வியந்தால் உயர்திணை உண்டு. மதிப்பின் ஏற்றத்தாழ்வு இல்லை. தம்மை அறியாமல் வந்த சொல் என்னும் இயல்பும் உண்டு. 'இம்முறை அது என்று சொல்லவில்லையே' என்னும் லூவாவின் குறிப்பும் அதனோடு பொருந்தும்.

8. முடிவுரை

அறிவியல் புனைவு பற்றிய தமிழர் விவாதங்களில் கருத்து வேறுபாடாகத் தோன்றுவனவற்றுள் ஒரு பகுதி திணைத் தேர்வின் விளைவு. இந்தியும் வங்காளமும் மலையாளமும் பேசுபவரைச் சில இடங்களில் நடுநிலையில் நிற்க விடுகின்றன, தமிழ் விடுவதில்லை. இதைத் தமிழின் குறை என்றோ சிறப்பு என்றோ கூறுவதைவிட, பொறுப்பு எனக் கூறுதல் தகும். தொல்காப்பியர் மொழியில், உயர்திணை என்பது மக்கள் எனச் சுட்டுதல், சுட்டுபவர் நாமே.

இன்று உரையாடும் கணினி நிரல்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டன. அவை 'நான்' என்று தமிழிலேயே விடையளிக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசும்போது 'சொன்னது' என்பதா, 'சொன்னான்' என்பதா, 'சொன்னார்' என்பதா என்பதை எந்த மன்றமும் தீர்க்கப்போவதில்லை. நாள்தோறும் பேசும் பேச்சில் வினைமுற்றின் ஈறே அதைத் தீர்த்துவிடும். அவ்வீற்றைச் செவிமடுத்துப் பதிவு செய்வது மொழியியலார் கடமை. தெரிந்தே தேர்வது மொழிபெயர்ப்பாளர் கடமை.